நீலகிரித் தைலம் வீசிங்குக்குக் கேட்குமா? தாவர எண்ணெய்களும் ஆஸ்துமாவும்

ஊட்டி சேரிங் கிராஸிலோ கொடைக்கானல் ஏரிப் பக்கமோ ஒரு தைலக் கடை வாசலில் சற்று நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும்: "அண்ணா, இது வீசிங்குக்குக் கேட்குமா?" பதிலும் தயங்காமல் வரும்: "நல்லா கேட்கும்மா. சுடுதண்ணியில ரெண்டு சொட்டு விட்டு ஆவி பிடிங்க."

இப்போது இதே கேள்விக்கு இன்னொரு திசையிலிருந்தும் பதில் வருகிறது. தாவர எண்ணெய்களுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணமும் உண்டு, ஆகவே அவை ஆஸ்துமாவுக்கு மருந்தாகலாம் என்ற செய்திகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகின்றன. கடைக்காரர் சொன்னதை விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதான் படிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் இன்ஹேலரை அலமாரிக்குள் தள்ளிவிட்டுப் புட்டியைக் கையில் எடுக்கிறார்கள்.

ஆய்வுக்கூடம் பேசும் எண்ணெயும் கடையில் விற்கும் எண்ணெயும் ஒரே பெயரில் நடமாடும் வெவ்வேறு பொருள்கள். குழப்பம் தொடங்கும் இடம் அதுதான். அடியிலிருந்து பார்ப்போம்.

எந்த எண்ணெய்?

தமிழில் எண்ணெய், தைலம் என்ற சொற்களை நாம் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம். ஆஸ்துமா பற்றிய பேச்சில் குறைந்தது மூன்று வகை வந்துபோகின்றன.

1. வாலையில் வடித்த தைலம். நீலகிரியில் செய்வது இது. கற்பூர மரம் என்று மலையில் சொல்லும் யூகலிப்டஸின் இலைகளைக் கொப்பரையில் அடைத்து, அடியில் விறகு எரித்து, எழும் ஆவியைக் குழாய் வழியே குளிர்விப்பார்கள். தண்ணீரும் தைலமும் சேர்ந்து சொட்டும், தைலம் மேலே மிதக்கும். நூறு கிலோ பச்சை இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கிடைத்தால் உண்டு. இதில் கொழுப்பே கிடையாது. காற்றில் ஆவியாகிவிடும் சிறு மூலக்கூறுகளின் கலவை அது.

2. செக்கில் ஆட்டிய எண்ணெய். கருஞ்சீரகம், ஆளி விதை, எள், தேங்காய் எல்லாம் இந்த வகை. பெரும்பகுதி கொழுப்பு, அதோடு கொஞ்சம் வைட்டமின் ஈ போன்ற துணைப் பொருள்கள். ஆவியாகாது.

3. காய்ச்சிய தைலம். நல்லெண்ணெயில் மூலிகைகளை இட்டுக் காய்ச்சி வடிகட்டுவது. சித்த மருத்துவத்தின் தைலங்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஒவ்வொன்றின் சேர்மானமும் வேறு.

முதல் வகையை மூக்கால் முகரலாம், இரண்டாவதை உண்ணலாம், மூன்றாவதைப் பெரும்பாலும் பூசுவார்கள். ஒன்றைப் பற்றிய ஆய்வு முடிவை மற்றொன்றின் மேல் ஏற்ற முடியாது. செய்தித் தலைப்புகளோ மூன்றையும் 'தாவர எண்ணெய்' என்ற ஒரே பைக்குள் போட்டுவிடுகின்றன.

மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது?

இளைப்பு, அதாவது வீசிங், வரும்போது மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் வீங்குகிறது. கெட்டியான சளி சுரந்து மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கிறது. தசை இறுக்கம் சில நிமிடங்களில் வரும், இன்ஹேலரில் எடுக்கும் சால்பியூட்டமால் போன்ற மருந்தால் சில நிமிடங்களில் தளரவும் செய்யும். வீக்கம் அப்படி இல்லை. இளைப்பு இல்லாத நாட்களிலும் அது குறைந்த அளவில் கனன்றுகொண்டிருக்கும். இந்த வீக்கத்தைத்தான் மருத்துவத்தில் அழற்சி என்கிறார்கள்.

அழற்சிக்கு ஆட்கள் உண்டு. மகரந்தம், தூசிப்பூச்சி, பூஞ்சை என்று ஏதோ ஒன்று உள்ளே போனதும் மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் என்ற அழற்சிப் பொருள்களைக் கொட்டுகின்றன. சைட்டோகைன்கள் என்னும் தூதுப் பொருள்கள் மற்ற செல்களைக் கூப்பிடுகின்றன. அப்படி வருபவற்றில் முக்கியமானவை ஈசினோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பலரும் பார்த்திருக்கும் அதே பெயர்தான். மான்டிலூகாஸ்ட் மாத்திரை லூக்கோட்ரையீனின் வேலையைத் தடுக்கிறது. இன்ஹேலரில் உறிஞ்சும் ஸ்டீராய்டு இந்தக் கூட்டத்தையே அடக்குகிறது.

மலையில் இதற்குத் தூபம் போடும் காரணங்கள் கூடுதலாகவே உண்டு. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் விடியலில் வரும் குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழாயின் சூட்டையும் ஈரத்தையும் பறிக்கிறது. அதனாலேயே தசை இறுகும். மழை மாதங்களில் சுவர் ஈரமும் பூஞ்சையும். குளிருக்காக அடைத்த அறைக்குள் விறகும் கரியும் எரித்தால் புகை.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது

சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் வீரியம் மிக்க மூலக்கூறுகளாக மாறுகிறது. சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை. கிருமியைக் கொல்ல ஈசினோஃபில் போன்ற செல்கள் இவற்றை வேண்டுமென்றே தயாரிக்கின்றன. புகை வழியாக வெளியேயிருந்தும் இவை வந்து சேர்கின்றன. இவற்றைத் தணிக்க உடலிடம் குளூட்டாதயோன், கேட்டலேஸ் போன்ற காவல்கள் இருக்கின்றன. உற்பத்தி காவலை மிஞ்சும்போது உண்டாகும் நிலைக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

இதற்கும் அழற்சிக்கும் உள்ள உறவு ஒரு சுழல். அழுத்தம் கூடினால் செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற விசை முடுக்கப்படுகிறது; அது அழற்சி மரபணுக்களை எழுப்புகிறது; அழற்சிக்கு வந்த செல்கள் மேலும் அழுத்தத்தை உண்டாக்குகின்றன. ஒரு பொருளால் இந்தச் சுழலை எந்த இடத்திலாவது அறுக்க முடிந்தால் ஆஸ்துமா தணியும் என்பதுதான் தாவர எண்ணெய் ஆய்வுகளின் அடிப்படை எண்ணம். எண்ணம் நியாயமானது. சோதித்தால்தான் உண்மை தெரியும்.

சினியோல்: கற்பூர மரத்தின் சரக்கு

நீலகிரிக்கு யூகலிப்டஸ் வந்தது 1843-இல். கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆஸ்திரேலிய மரத்தை இங்கே நட்டார். சோலைகளை வெட்டி எரித்துத் தீர்த்துக்கொண்டிருந்த ஊருக்கு விறகு வேண்டியிருந்தது, அதற்காகத்தான் பிறகு பெரிய அளவில் வளர்த்தார்கள். தைலம் அதன் பின்விளைவு. இங்கே அதிகம் இருப்பது யூகலிப்டஸ் குளோபுலஸ் என்ற இனம். அதன் தைலத்தில் பெரும்பங்கு 1,8-சினியோல் என்னும் ஒரே பொருள். யூகலிப்டால் என்பதும் இதுவே. 1870-இல் பிரெஞ்சு வேதியியலாளர் குளோயெஸ் இதை இனங்கண்டு பெயரிட்டார். மருந்துத் தரத் தைலத்தில் இது குறைந்தது 70 விழுக்காடு இருக்க வேண்டும்.

தாவர எண்ணெய்ப் பொருள்களில் ஆஸ்துமாவுக்கு மனிதரிடம் ஓரளவு ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட ஒன்று உண்டென்றால் அது இந்தச் சினியோல்தான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது தகும்.

ஆய்வுக்கூடத்தில், ரத்தத்தின் மோனோசைட் என்ற வெள்ளணுக்களில் சினியோலைச் சேர்த்தபோது டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 பீட்டா, லூக்கோட்ரையீன் பி4 ஆகிய அழற்சிப் பொருள்களின் உற்பத்தி குறைந்தது. மேலே சொன்ன என்எஃப்-கப்பா-பி விசையையும் அது அடக்குவதாகப் பின்னர் தெரிந்தது.

பிறகு நோயாளிகள். ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட சோதனையில் 32 பேர். எல்லோரும் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கினால்தான் சமாளிக்க முடியும் என்ற அளவுக்குக் கடுமையான ஆஸ்துமா உள்ளவர்கள். பாதிப் பேருக்கு 200 மில்லிகிராம் சினியோல் ஒரு நாளைக்கு மூன்று வேளை, மறுபாதிக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை, 12 வாரம். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டை 2.5 மில்லிகிராம் வீதம் குறைத்துப் பார்த்தார்கள். முடிவில் சினியோல் குழுவில் ஸ்டீராய்டுத் தேவை 36 விழுக்காடு இறங்கியது, மற்றக் குழுவில் 7 விழுக்காடு. குறைக்க முடிந்தவர்கள் முதல் குழுவின் 16 பேரில் 12 பேர், இரண்டாவதில் 4 பேர்.

2012-இல் வந்த மற்றொரு ஜெர்மானியச் சோதனை இதைவிடப் பெரியது: 247 பேர், ஆறு மாதம், அதே அளவு. வழக்கமான ஆஸ்துமா மருந்தோடு சினியோலையும் சேர்த்தவர்களுக்கு நுரையீரல் திறன், அறிகுறிகள், அன்றாட வாழ்க்கைத் தரம் மூன்றும் கூடுதலாக மேம்பட்டன.

நல்ல செய்திதான், நம்பிக்கை தருவதும்தான். ஆனால் அதிலிருந்து கடை வாசலுக்கு வருவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. கொடுத்தது சுத்தமான சினியோல். தைலம் முழுவதையும் கொடுக்கவில்லை.

2. வயிற்றில் கரையாமல் குடலில் கரையும் உறையிட்ட மாத்திரையாக, எடை அளந்து கொடுத்தார்கள். யாரும் ஆவி பிடிக்கவில்லை, நெஞ்சில் தேய்க்கவில்லை.

3. எல்லோரும் தங்கள் வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சினியோல் துணைக்குத்தான் சேர்க்கப்பட்டது. முதல் சோதனையில் ஸ்டீராய்டைக் குறைத்ததும் மருத்துவர் கண்காணிப்பில், படிப்படியாக.

4. 32 பேரும் 247 பேரும் ஒரு மருந்தின் தகுதியை முடிவு கட்டப் போதாது. உறிஞ்சும் ஸ்டீராய்டின் பின்னால் பல்லாயிரம் பேரிடம் பல நாடுகளில் நடந்த சோதனைகள் நிற்கின்றன.

அப்படியானால் முகர்ந்ததும் மூச்சு விட்டதே?

இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. புட்டியைத் திறந்து முகர்ந்தால் மூக்கும் நெஞ்சும் திறந்ததுபோல் இருப்பது உண்மையான உணர்வு. நம் நரம்பு முனைகளில் குளிர்ச்சியை அறியும் டிஆர்பிஎம்8 என்ற வாயில் இருக்கிறது. புதினா உப்பான மெந்தாலும் சினியோலும் அதைத் தட்டி எழுப்புகின்றன. மூளை அதைக் 'குளிர்ந்த காற்று தாராளமாக உள்ளே போகிறது' என்று படிக்கிறது. மெந்தாலை வைத்து அளந்து பார்த்தபோது, மூக்கின் அடைப்பு அப்படியே இருக்க, திறந்தது என்ற உணர்வு மட்டும் கூடியிருந்தது.

சளிக்கு இது ஆறுதல், தவறில்லை. ஆஸ்துமாவில் இதே ஆறுதல் ஆபத்தாகலாம். குழாய் சுருங்கிக்கொண்டே போகும்போது 'தேவலை' என்ற உணர்வு வந்தால் மருந்து எடுப்பது தள்ளிப்போகும். அந்த அரை மணி நேரம் சிலருக்கு உயிர்.

கருஞ்சீரகமும் மற்ற விதைகளும்

செக்கு எண்ணெய்களில் சொல்லத் தக்க சோதனை உள்ளது கருஞ்சீரகத்துக்கு. இதன் தைமோகுவினோன் என்ற பொருள் ஆய்வுக்கூடத்தில் அழற்சியையும் ஆக்சிஜனேற்றத்தையும் தடுக்கிறது. சவுதி அரேபியாவில் நடந்து 2017-இல் வெளியான சோதனையில் 80 பேர் சேர்ந்தார்கள். 500 மில்லிகிராம் எண்ணெய் உறை, தினம் இரண்டு, நான்கு வாரம். ஆஸ்துமா எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதை 25-க்கு மதிப்பிடும் கேள்வித்தாளில் எண்ணெய் எடுத்தவர்கள் சராசரி 21.1, மற்றவர்கள் 19.6. ரத்தத்தில் ஈசினோஃபிலும் குறைந்தது. முதல் விநாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவில் மட்டும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நான்கு வாரம் மிகக் குறுகிய காலம். ஆஸ்துமா பருவத்துக்குப் பருவம் மாறும் நோய். எனவே 'மேலும் பார்க்கத் தக்கது' என்ற இடத்தில் கருஞ்சீரகம் நிற்கிறது.

ஆளி விதை எண்ணெயில் பாதிக்கும் மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். மீன் எண்ணெயின் ஒமேகா-3 உடலில் செய்யும் வேலைக்கு இதை மாற்றியாக வேண்டும், அப்படி மாறுவது சொற்பமே. சமையலுக்கு நல்லது, இளைப்புக்கு மருந்தென்று சொல்ல ஆதாரம் போதாது.

வைட்டமின் ஈ கற்றுத்தந்தது

ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடாமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டு. தாவர எண்ணெய்களில் இயல்பாக உள்ள வைட்டமின் ஈ, சோதனைக் குழாயில் பேர்பெற்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான். உணவில் இது அதிகம் உள்ளவர்களுக்கு ஆஸ்துமா குறைவு என்று சில கணக்கெடுப்புகளும் சொல்லியிருந்தன. பிரிட்டனில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். 72 ஆஸ்துமா நோயாளிகளுக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் ஈ அல்லது வெறும் உறை, ஆறு வாரம். 2004-இல் முடிவு வந்தது: மூச்சுக்குழாயின் எரிச்சலிலோ நுரையீரல் திறனிலோ அறிகுறியிலோ எந்தப் பலனும் இல்லை.

காரணம் ஊகிக்கக் கூடியதே. விழுங்கிய பொருள் மூச்சுக்குழாயின் உட்பூச்சை எவ்வளவு சென்றடைகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, அங்கே உற்பத்தியாகும் வேகத்துக்கு ஈடுகொடுக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் தாண்ட வேண்டும். சோதனைக் குழாயில் இவை எதுவும் எழுவதில்லை. புகை நிறைந்த சமையலறையில் ஒரு புகைபோக்கி வைப்பது, எந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பு உறையைக் காட்டிலும் நிச்சயமாக அழுத்தத்தைக் குறைக்கும் என்பது என் கருத்து. மலை வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

கடைப் புட்டிக்குள் என்ன?

குளோபுலஸ் தைலமும் எலுமிச்சை மணம் வீசும் சிட்ரியோடோரா தைலமும் ஒரே அலமாரியில் இருக்கும், இரண்டுக்கும் யூகலிப்டஸ் என்றே பெயர். சிட்ரியோடோராவின் முக்கியப் பொருள் சிட்ரோனெல்லால். சினியோல் அதில் பெயரளவுக்குத்தான். கொசுவை விரட்ட நல்லது. இது தவிர, மரத்தின் வயது, இலை பறித்த பருவம், வடித்த விதம் எல்லாம் சேர்மானத்தை மாற்றும். கலப்படமும் உண்டு. முகர்ந்து பார்த்துத் தரம் சொல்ல யாராலும் முடியாது.

பழைய தைலம் இன்னொரு சிக்கல். திறந்து மூடிய புட்டியில் லிமோனீன் போன்ற டெர்ப்பீன்கள் (தைலத்தின் மணப் பொருள்கள்) காற்றோடு சேர்ந்து பெராக்சைடுகளாகின்றன. இவை தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று வாங்கியதே ஆக்சிஜனேற்றப்பட்டு நிற்கிறது. வெயில் படாத இடத்தில், இறுக மூடி, சீக்கிரம் தீர்க்க வேண்டிய சரக்கு இது.

கெடுதல் வரும் வழிகள்

1. மணமே தூண்டுதல். ஆஸ்துமா உள்ள பலருக்குக் கடும் வாசனை எதுவானாலும் இளைப்பு கிளம்பும். ஊதுவத்தி, சாம்பிராணி, வாசனைத் திரவியத்தோடு தைலமும் அந்தப் பட்டியலில் சேரும். மின்சாரத்தில் தைலத்தை ஆவியாக்கும் கருவியை இரவு முழுக்க ஓடவிட்டால், டெர்ப்பீன்கள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்கும்.

2. விழுங்குவது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லிட்டர் தைலத்தில் 70 விழுக்காடு சினியோல் என்று வைத்தால் மூன்று கிராமுக்கு மேல் வருகிறது. சோதனையில் ஒரு நாள் முழுவதற்கும் கொடுத்தது 0.6 கிராம். ஐந்து மடங்கு ஒரே வாயில். குழந்தைகளுக்கு இதைவிடக் குறைந்த அளவே மயக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். யூகலிப்டஸ் தைலத்தாலும் கற்பூரம் (கேம்ஃபர்) சேர்ந்த தைலங்களாலும் வலிப்பு வந்த நோயாளிகளைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் விழுங்காமல் பூசியவர்களும் உண்டு.

3. கைக்குழந்தைகள். இரண்டு வயதுக்குக் கீழே மூக்கருகே தைலமோ கற்பூரமோ மெந்தாலோ கூடாது. குரல்வளை இறுகி மூச்சு நிற்கும் அபாயம் இருக்கிறது. சளி வெளியேற என்று மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் முழுதாக மறையவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி உண்டாக்கும் கொழுப்பு நிமோனியா தென்னிந்தியக் குழந்தைகளிடம் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்ட நோய்.

4. விண்டர்கிரீன் தைலம். நீலகிரி, பழனி மலைச் சோலை ஓரங்களில் வளரும் செடியிலிருந்து வடிப்பது, மூட்டுவலிக்குப் பூசுவது. ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டி விழுங்கினால் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். சிறு குழந்தையைக் கொல்லும் அளவு அது. வயது வந்த ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு ஆஸ்பிரின் இளைப்பைத் தூண்டும். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பூசிக்கொள்ளக் கூடாது.

5. ஆவி. கொதிக்கும் சட்டி கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் விபத்துகள் ஒவ்வொரு சளிக் காலத்திலும் நடக்கின்றன. ஆஸ்துமாவை ஆவி கட்டுப்படுத்தும் என்பதற்குச் சான்று கிடையாது.

செடி மருந்தானது எப்படி?

தாவரத்தின் மேல் மருத்துவத்துக்குப் பகை என்று சிலர் வருந்துகிறார்கள். வரலாறு வேறு சொல்கிறது. இளைப்புக்குப் பல ஆண்டுகள் கொடுக்கப்பட்ட தியோஃபிலின், 1888-இல் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையில் கண்டெடுத்தது. நீலகிரியின் ஒவ்வொரு தேயிலைச் செடியிலும் அது இருக்கிறது, மிகச் சொற்பமாக. சளியை இளக்கும் புரோம்ஹெக்சின், ஆடாதோடைச் செடியின் வாசிசின் என்ற பொருளைப் பார்த்து உருவாக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றிலும் நடந்தது ஒன்றே: பொருளைப் பிரித்தார்கள், அளவை நிர்ணயித்தார்கள், கெடுதலைக் கணக்கிட்டார்கள், நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சினியோல் இந்தப் பாதையில் பாதி தூரம் வந்திருக்கிறது. கருஞ்சீரகம் இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறது. புட்டித் தைலம் அந்தப் பாதையில் காலே வைக்கவில்லை.

இன்றைக்குச் செய்ய வேண்டியது

உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் எட்டில் ஒருவர் இந்தியர். ஆஸ்துமாவால் இறப்பவர்களிலோ நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இந்தியர் என்கிறது உலக நோய்ச்சுமைக் கணக்கெடுப்பு. இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம், உறிஞ்சும் ஸ்டீராய்டு போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேராததும், சேர்ந்தும் 'பழகிவிடும்' என்ற பயத்தில் கைவிடப்படுவதும்தான். அது பழக்கமாகும் மருந்து கிடையாது. ஒரு உறிஞ்சலில் பொதுவாக 100 அல்லது 200 மைக்ரோகிராம். மாத்திரையில் விழுங்குவதோ மில்லிகிராம் கணக்கில். 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல், பெரியவர்களும் பதின்வயதினரும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருப்பதைக்கூடப் பரிந்துரைப்பதில்லை; ஸ்டீராய்டும் உடன் இருந்தே ஆக வேண்டும் என்கிறது.

தைலம் வீட்டில் இருக்கலாம். பெரியவர்கள் சளிக்கு முகரலாம், முகர்ந்தால் நெஞ்சு இறுகுகிறது என்றால் நிறுத்திவிட வேண்டும். கருஞ்சீரக எண்ணெயோ வேறெதுவோ எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மற்ற மருந்துகளோடு அது முட்டுமா என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்கினால் அது தைலத்துக்கான நேரம் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரின் முனையில் பொருத்தும் கூடு) வைத்துக் கொடுத்தபடியே 108-ஐ அழையுங்கள். மஞ்சூரிலிருந்தோ பூம்பாறையிலிருந்தோ பெரிய மருத்துவமனைக்கு இறங்க மலைப்பாதையும் பனிமூட்டமும் சேர்ந்து எடுக்கும் நேரத்தை முன்பே கணக்கில் வைத்து, சமவெளியில் கிளம்புவதைவிடச் சீக்கிரமாகவே கிளம்பிவிடுங்கள்.